தாஜ்மஹால் போன கால், பேகம்பூர் போகலையே!

உங்க வாழ்க்கையில ஒரே ஒரு நாளை எனக்குக் கொடுங்க. காலையில ஆறு மணிக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குங்க. ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பி பஸ் ஏத்தி விட்டுடறேன். நடுவுல இருக்கிற பதினாலு மணி நேரமும் நான்தான் உங்க பிரைவேட் கைடு. ஃபீஸ்? ஒரு டீ, ரெண்டு பருப்பு வடை. மத்தியான பிரியாணி மட்டும் அவங்கவங்க காசு.

'திண்டுக்கல்லுல பார்க்க என்னடா இருக்கு, பூட்டும் பிரியாணியும்தானே?'னு உதட்டைப் பிதுக்குறீங்களா? தப்பில்லை. அங்கேயே பொறந்து வளர்ந்த நானே அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுவும் எங்கே வெச்சு? ஆக்ராவுல, தாஜ்மஹால் வாசல்ல!

ஃபைனல் இயர் டூர்ல டெல்லி போயிருந்தோம். ஒரு நாள் ஃப்ரீ. நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, ஒரு காரும் ஒரு கைடும் பிடிச்சு, விடியறதுக்கு முன்னாடியே யமுனா எக்ஸ்பிரஸ்வேயில பறந்தோம். நாங்க நாலு பேரும் ஹாஸ்டல் பழக்கப்படி ஊர் பேராலதான் கூப்பிட்டுக்குவோம். கரூர், நாகர்கோவில், தஞ்சாவூர், அப்புறம் அடியேன் திண்டுக்கல்.

கைடு அண்ணன் செம ஷார்ப். எந்தக் கல்லுல நின்னா போட்டோவுல குவிமாடத்தோட உச்சியை விரலால பிடிச்ச மாதிரி வரும்னு வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருந்தார். 'கட்டின தொழிலாளிங்க கையை எல்லாம் ஷாஜஹான் வெட்டிட்டாரு'ன்னார். நாங்க 'அய்யய்யோ'ன்னோம். 'ஆத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பு தாஜ்மஹால் கட்ட நினைச்சாரு'ன்னார். நாங்க 'அடேங்கப்பா'ன்னோம். ஊருக்கு வந்து லைப்ரரியில உட்கார்ந்து படிச்சப்பதான் தெரிஞ்சது, கை வெட்டின கதைக்கு ஆதாரமே கிடையாது. கறுப்பு தாஜ் கதை, பதினேழாம் நூற்றாண்டுல வந்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே எழுதி வெச்சதுல ஆரம்பிச்சது. ஆத்துக்கு எதிர்க்கரை மெஹ்தாப் பாக் தோட்டத்துல தோண்டிப் பார்த்தப்போ கிடைச்ச 'கறுப்பு' கல்லு, வெள்ளைப் பளிங்கு நிறம் மாறினதுதானாம்.

ஆனா, அண்ணன் சொன்ன ஒரு விஷயம் சத்தியமான உண்மை. உள்ளே இருக்கிற ரெண்டு கல்லறையில, மும்தாஜோடது நட்டநடு சென்டர்ல இருக்கு. ஷாஜஹானோடது பக்கத்துல ஒதுங்கி இருக்கு. அவ்ளோ பெரிய கட்டடம், இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த ஒரு கல்லறைதான் கணக்கு உதைக்கிற இடம். ஏன்னா, அது மும்தாஜுக்காகக் கட்டின வீடு. இவரு பின்னாடி வந்து சேர்ந்த விருந்தாளி. 1631-ல புர்ஹான்பூர்ல பதினாலாவது பிரசவத்துல மும்தாஜ் இறந்துட்டாங்க. அடுத்த வருஷமே வேலை ஆரம்பிச்சுது. மொத்த வளாகமும் முடிய ஏறக்குறைய இருபது வருஷம்.

பதினாலாவதுன்னு கேட்டதும் தஞ்சாவூர் சிரிச்சான். நானும் சிரிச்சேன். கரூர் மட்டும் ஷூவுக்கு மேல போட்ட துணி உறையைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சிட்டான். அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கைடு அண்ணன் கேட்டார், 'உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்?' நான் பெருமையா, 'லாக் அண்ட் பிரியாணி'ன்னேன். 'கோட்டை கீட்டை?' 'இருக்கு. ஒரு பாறை மேல.' 'யார் கட்டினது?' முழிச்சேன் பாருங்க ஒரு முழி! ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல டிராவல் பண்ணி வந்து இன்னொருத்தர் வீட்டுக் கதையை வாயைப் பிளந்து கேட்டவனுக்கு, சொந்த வீட்டு மொட்டை மாடியில என்ன இருக்குன்னு தெரியலை. மூணு பேரும் டெல்லி திரும்புற வரைக்கும் ஓட்டி எடுத்துட்டானுங்க. ரோஷத்துல சவால் விட்டேன். 'அடுத்த மாசம் திண்டுக்கல்லுக்கு வாங்கடா, ஒரு நாள் டூர், நான் கைடு!'

வந்தானுங்க. அந்த நாளைத்தான் இப்ப உங்களுக்கும் காட்டப் போறேன். கிளம்பலாமா?

முதல்ல மலைக்கோட்டை. பஸ் ஸ்டாண்டுலேருந்து நிமிர்ந்தாலே தெரியும். ஊருக்கு நடுவுல யாரோ திண்டைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு மொட்டைப் பாறை. திண்டு மாதிரி கல்லு, அதான் திண்டுக்கல். வெயில் ஏறுறதுக்குள்ள ஏறிடுங்க. பாறை சூடாச்சுன்னா தோசைக்கல்லுதான், நீங்கதான் தோசை. தண்ணி பாட்டில் கட்டாயம். மத்தியத் தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கிறதால டிக்கெட் உண்டு.

பாறையிலேயே வெட்டின படி. காலேஜ்ல மூணு மாடி ஏறவே லிஃப்ட் தேடுற நம்ம ஆளுங்களுக்குப் பாதியிலேயே நாக்கு தள்ளும். மேலே போனதும் காத்து வந்து முகத்துல அடிக்கும் பாருங்க, அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு. ஒரு பக்கம் சிறுமலை. மேற்கே திரும்பினா தூரத்துல நீல நீலமா பழனி மலைத்தொடர். நடுவுல தட்டையா விரிஞ்சு கிடக்கிற பூமி. இங்கேருந்து பார்த்தா மதுரைப் பக்கம் வர்ற படையும் தெரியும், மேற்கே கணவாய் தாண்டி வர்ற படையும் தெரியும். இந்தப் பாறைக்கு ஏன் அத்தனை பேர் அடிச்சுக்கிட்டாங்கன்னு புஸ்தகம் இல்லாமலே புரியும்.

நம்ம பசங்க யாரைக் கேட்டாலும் 'திப்பு சுல்தான் கோட்டை'ம்பாங்க. கட்டினது அவர் இல்லை பாஸ். 1605 வாக்குல மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் ஆரம்பிச்சது. திருமலை நாயக்கர் காலத்துல பலப்படுத்தினாங்க. முகலாயர்? அவங்க படை தெற்கே வந்து செஞ்சிக் கோட்டையை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு, 1698-ல பிடிச்சது. ஆனா, இந்தப் பாறையில மொகல் பாணி பளிங்கைத் தேடாதீங்க. இங்கே இருக்கிறது சண்டைக்குக் கட்டின முரட்டுச் செங்கல்லும் கருங்கல்லும்.

திப்புவோட அப்பா ஹைதர் அலி இங்கே வந்தது 1755-ல. மைசூர் அரசு அவரை ஃபௌஜ்தாரா, அதாவது படை அதிகாரியா அனுப்பி வெச்சுது. வேலை, வரி கட்டாம முறைச்சுக்கிட்டு நிக்கிற பாளையக்காரர்களை வழிக்குக் கொண்டு வர்றது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். ஆனா, பிரெஞ்சுக்கார டெக்னீஷியன்களைக் கொண்டு வந்து, இங்கே பீரங்கிப் பட்டறையே போட்டுட்டார். ஆறே வருஷத்துல, 1761-ல, மைசூர் ராஜ்யமே அவர் கையில. ஒரு ஆளோட கேரியர் கிராஃப் மேலே கிளம்பின இடம்னு பார்த்தா நம்ம திண்டுக்கல்தான். ஆயுதக் கிடங்கோட சுவரைத் தொட்டுப் பாருங்க, அந்தத் தடிமனுக்குள்ள நம்ம ஹாஸ்டல் பாத்ரூமையே அடக்கலாம்.

ஒரு செம மேட்டர் சொல்லவா? மார்க் வில்க்ஸ்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி மைசூர் சரித்திரம் எழுதியிருக்கார். அதுல வருது. சண்டையில காயம்பட்டவனுக்கு, ஆறுற வரைக்கும் மாசம் 14 ரூபாய் படி. அரண்மனையிலேருந்து செக் பண்ண ஆபீஸர் வர்றார். நிஜமாக் காயம்பட்டவங்க 67 பேர். ஹைதர் கொண்டு வந்து நிறுத்தினது 700 பேர்! கையிலயும் காலுலயும் மஞ்சள் தோய்ச்ச துணியை இறுக்கிக் கட்டி விட்டு, 'பாவம், பார்த்தீங்களா?'ன்னிருக்கார். 700 பேருக்கும் பணம் சாங்ஷன். அதுலயும் நிஜக் காயக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது மாசம் 7 ரூபாய்தானாம். எழுதினவர் எதிர்முகாம் ஆள்ங்கிறதால கொஞ்சம் உப்பு தூவிப் படிச்சுக்கலாம். ஆனா, பிராக்ஸி அட்டெண்டன்ஸ் போட்டுட்டு 'நாங்கதான் கில்லாடி'னு காலரைத் தூக்குற மாப்ளைங்களுக்கு ஒரு தகவல். 630-க்கு மேல பிராக்ஸி போட்ட தலைவர் இருந்த ஊர்லதான் நிக்கிறீங்க.

ஹைதர் தயவு இன்னொருத்தருக்கும் தேவைப்பட்டுது. 1772-ல காளையார்கோவில்ல கணவர் முத்துவடுகநாதரை ஆங்கிலேயப் படைக்குப் பறிகொடுத்த வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியோட தப்பி வந்து தங்கினது இந்தச் சீமையிலதான், விருப்பாச்சி கோபால நாயக்கரோட பாதுகாப்புல. ஏறக்குறைய எட்டு வருஷம். அப்புறம் ஹைதர் உதவியோட திரும்பிப் போய் 1780-ல சிவகங்கையை மீட்டாங்க. மருமகளா இருந்தவங்க ராணியா மாற ரெடியானது நம்ம வெயில்லதான்.

கோட்டை கை மாறின கதையைக் கேட்டா ஹாஸ்டல் டி.வி. ரிமோட் ஞாபகம் வரும். 1767-ல ஆங்கிலேயர் கையில. 1768-ல ஹைதர் கையில. 1783-ல மறுபடி ஆங்கிலேயர். 1784-ல ஒப்பந்தம் போட்டு திப்புகிட்டே திருப்பிக் கொடுத்தாச்சு. 1790 ஆகஸ்ட்ல கர்னல் ஸ்டூவர்ட் வந்து பீரங்கியால அடிச்சார். குண்டு தீரப் போகுதேன்னு அவசரமா ஏறித் தாக்கினா, உள்ளே இருந்தவங்க அடிச்சு விரட்டிட்டாங்க. மறுநாள் காலையில பார்த்தா, ஜெயிச்சவங்க வெள்ளைக் கொடி காட்டுறாங்க! வெளியே நிக்கிறவன்கிட்டே சரக்கு தீர்ந்துடுச்சுன்னு உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியலை. 1792 ஒப்பந்தத்தோட கோட்டை நிரந்தரமா கம்பெனி கைக்குப் போயிடுச்சு.

இதெல்லாம் இப்ப சரளமா சொல்றேனே, அன்னிக்கு சொன்னேனான்னு கேட்டா... வெட்கக்கேடு. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது நாலு வரி. அதுவும் முதல் அரை மணியிலேயே காலி. பசங்க முகத்துல கொட்டாவி. ஆக்ரா அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு இருட்டு அறையைக் காட்டி, 'இதோ தெரியுதே, இதான் சுரங்கப்பாதை. நேரா மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகுது. ராணியெல்லாம் குதிரையில போவாங்க'ன்னு எடுத்து விட்டேன்.

நாகர்கோவில் மெக்கானிக்கல். மெதுவாக் கேட்டான். 'மதுரை எவ்ளோ தூரம் மாப்ளே?'

'அறுபது, அறுபத்தஞ்சு கிலோமீட்டர்.'

'குதிரைக்கு மூச்சு விட காத்து எங்கேருந்து வரும்?'

தஞ்சாவூர் அந்த அறைக்குள்ள போயி, பின்சுவத்தைத் தட்டிக் காட்டிட்டு வந்தான். நாலே எட்டு. முடிஞ்சுது. 'வெல்கம் டு மதுரை'ன்னான். படி இறங்குற வரைக்கும் சிரிப்பு அடங்கலை.

மானம் போனதோட நிக்கலை. உச்சியில ஒரு பழைய கோயில் இருக்கு. தூண் இருக்கு, மண்டபம் இருக்கு, கர்ப்பகிரகத்துல சாமி இல்லை. அபிராமி அம்மனை இப்ப ஊருக்குள்ள இருக்கிற கோயில்லதான் கும்பிடணும். அந்தக் காலி மண்டபச் சுவர் பூரா கரியாலயும் ஆணியாலயும் ஹார்ட்டின், அம்பு, இனிஷியல். கரூர் ஒரு இடத்தைக் காட்டி, 'டேய், இது உங்க ஸ்கூல் பேர்தானே?'ன்னான். ஆமா. பிளஸ் டூ படிக்கும்போது கட் அடிச்சிட்டு வந்த கும்பல்ல, ஆணி பிடிச்ச கை என்னோடதுதான். பேரைப் பார்த்தேன். நல்ல ஆழமா வெட்டியிருந்தேன். அழிக்கவும் முடியாது. மேலே தேய்ச்சா இன்னும் கொஞ்சம் சுவர் போகும், அவ்ளோதான். உங்களைக் கூட்டிப் போனாலும் அந்த இடம் வர்றப்ப வேகமா நடந்துடுவேன், கண்டுக்காதீங்க.

மத்தியானம் பிரியாணி. சீரகச் சம்பா, பொடிசா வெட்டின கறி, மேலே கொஞ்சம் தால்ச்சா. எந்தக் கடைன்னு சொன்னா மத்த கடைக்காரங்க என்னை ஊருக்குள்ள விட மாட்டாங்க. கூட்டம் நிக்கிற இடத்துல நில்லுங்க, போதும்.

அடுத்தது பேகம்பூர். ஷேர் ஆட்டோவுல ஏறி பேரைச் சொன்னா இறக்கி விட்டுடுவாங்க. மதுரை ரோட்டுப் பக்கம். தோல் மண்டி வாசனை எட்டிப் பார்க்கிற ஏரியா. ஸ்கூல் போக நான் தினமும் தாண்டின ஸ்டாப்பு. 'பேகம்பூர் எல்லாம் இறங்கு'ன்னு கண்டக்டர் கத்துறதைப் பல வருஷமாக் கேட்டிருக்கேன். பேகம்னா ஒரு பொண்ணு, அவங்களுக்கு ஒரு பேர் இருந்திருக்கும்னு ஒரு நாள்கூட யோசிச்சது கிடையாது.

அமீருன்னிசா பேகம். ஹைதர் அலியோட தங்கச்சி. அவங்க வீட்டுக்காரர் மீர் சாகிப் திண்டுக்கல் நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டவர். பெரிய பள்ளிவாசல் வளாகத்துலதான் அவங்க அடக்கம். அந்தப் பள்ளிவாசலும் ஹைதர் கட்டினதுன்னுதான் ஊர்ல சொல்றாங்க. பேகம் இருக்கிற ஊர், பேகம்பூர்.

போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இது டிக்கெட் கொடுக்கிற இடம் இல்லை. அஞ்சு வேளையும் தொழுகை நடக்கிற பள்ளிவாசல். தொழுகை நேரத்துல போகாதீங்க. வாசல்ல பெரியவங்க யாராவது இருப்பாங்க, 'உள்ளே போய்ப் பார்க்கலாமா பாய்?'னு ஒரு வார்த்தை கேளுங்க. நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு, தலைக்கு ஒரு கர்ச்சீஃப். செல்ஃபி ஸ்டிக்கை பைக்குள்ள போட்டுடுங்க.

அன்னிக்கு எங்களுக்கு அனுமதி கொடுத்த பெரியவர் கூடவே வந்தார். காலையில பட்ட அவமானத்துக்கு இங்கே ஸ்கோர் பண்ணிடணும்னு எனக்கு ஒரு வேகம். 'பாத்துக்கோங்கடா, இதான் எங்க ஊர் தாஜ்மஹால்! அங்கே பொண்டாட்டிக்கு, இங்கே தங்கச்சிக்கு. அங்கே டிக்கெட், இங்கே ஃப்ரீ!'னு அடிச்சு விட்டேன். பசங்களும் சிரிச்சானுங்க. பெரியவர் சிரிக்கலை, கோபிக்கவும் இல்லை. 'இந்தப் பொண்ணும் அப்படித்தான் தம்பி போச்சாம், பிள்ளைப்பேறுல'ன்னார். அவ்ளோதான் சொன்னார்.

சிரிப்பு அப்படியே நின்னுச்சு. நிறுத்தினது பெரியவர் இல்லை, கரூர். அவன் செருப்பு கழட்டின இடத்துக்குத் திரும்பி நடந்து போய், அங்கே இருந்த திண்ணையில உட்கார்ந்துட்டான். பின்னாடியே போனேன். 'என்னடா?'ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

'எங்க அக்காவும் அப்படித்தான்டா. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது. ரத்தம் நிக்கலை. வண்டி வர்றதுக்குள்ள...'

மூணு வருஷம் ஒரே ரூம். ஒரே சோப்பு டப்பா, ஒரே சார்ஜர். இவனுக்கு ஒரு அக்கா இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது. ஆக்ராவுல அவன் ஏன் குனிஞ்சான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. 'பதினாலாவது'ன்னு சிரிச்ச சிரிப்பு எனக்கே காதுல கேட்டுச்சு. சாரி சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவன், 'தண்ணி இருக்கா?'ன்னான். பாட்டிலைக் கொடுத்தேன். பெரியவர் தூரத்துலேருந்து பார்த்துட்டு, உள்ளே போய் இன்னொரு சொம்புத் தண்ணி கொண்டு வந்து வெச்சார். எதுவும் கேட்கலை.

அப்புறம் அவனா எழுந்தான். 'வா, சரியாப் பார்த்துட்டு வரலாம்'னான். நாலு பேரும் போய் நின்னோம். நான் கைடு வேலை பார்க்கலை. பெரியவர் ரெண்டு நிமிஷம் கையேந்தி ஓதினார். நாகர்கோவில் சிலுவை போட்டுக்கிட்டான். கரூர் சும்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

சாயங்காலம் கோபால சமுத்திரக் குளத்துக் கரை. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த அதே விருப்பாச்சி கோபால நாயக்கரை ஆங்கிலேயர் 1801-ல திண்டுக்கல்லுல தூக்குல போட்டாங்க. குளம் அவர் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்குது. விருப்பாச்சியில அவருக்கு மணிமண்டபமும் உண்டு. நேரம் இருக்கிறவங்க பழனி ரோட்டுல ஒரு நடை போயிட்டு வரலாம். நாங்க போகலை. கரையில உட்கார்ந்து சூடா வடை தின்னோம். ஃபீஸ் செட்டில் ஆன இடம் அதான். சுரங்கப்பாதைக்காக ஒரு வடையைப் பிடிச்சுக்கிட்டானுங்க.

ஊருக்கு வர்றவங்க பூட்டு வாங்காம போகக் கூடாதுங்கிறது எங்கம்மா ரூல். கையால செய்யற மாங்காப் பூட்டு. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். சாவியைத் திருப்பும்போது கேட்கிற அந்த 'டொக்' சத்தத்துக்கே நாகர்கோவில் பத்து தடவை பூட்டித் திறந்தான். மெக்கானிக்கல் ஆச்சே!

எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு. 'கரூர், கரூர்'னு கண்டக்டர் கூவ, இவன் வழக்கம்போல 'என்னைத்தான் கூப்பிடுறாரு'ன்னு சொல்லிட்டு ஏறினான். ஜன்னல் சீட்டு. வண்டி நகர்ற நேரத்துல தலையை வெளியே நீட்டினான்.

'டேய் திண்டுக்கல்... அந்த அக்கா பேரு என்ன சொன்னே?'

'அமீருன்னிசா.'

'ஸ்பெல்லிங் அனுப்புடா'ன்னான்.